தரங்கம்பாடி: கோட்டைக்கு வெளியே

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மூட்டுவலி குறைந்து மறுபடியும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. தரங்கம்பாடிக்குப் போய், டேன்ஸ்போர்க் கோட்டையை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டையோடு திரும்பினால் அப்படித்தான் தோன்றும்.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, டென்மார்க் நாட்டவரான டேனியர்கள் அங்கே கால் ஊன்றியது வாணிகத்துக்காக. அது ஏறியும் இறங்கியும் கடைசியில் கட்டுப்படியாகாமல் போகவே, 1845-இல் வங்காளத்தில் தங்களுக்கிருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ஆனால், அவர்கள் கணக்கில் வைக்காத ஒன்று அங்கே நடந்தது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அரிச்சுவடி எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். அவரைச் சில மாதங்கள் சிறையில் அடைத்தவரும் ஒரு டேனிய ஆளுநர்தான்!

அவர் அங்கே நடத்திய அச்சுக்கூடத்தின் கதை இன்னும் சுவையானது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றைக் கோத்தால் பக்கங்கள் பெருகிக் காகிதம் தீர்ந்துவிடும். ஆகவே, பக்கத்துப் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகித ஆலை ஒன்றையும் அங்கேயே நிறுவினார்கள். 1715-இல் பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டேனிய அரசரின் முடியும் பெயர்முத்திரையும் இருக்கின்றன. மறு ஆண்டே இறந்த சீகன்பால்கு உள்ளே அடக்கமாகியிருக்கிறார். இதை நீங்கள் பார்க்காமல் வந்ததுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு குறையும் உண்டு. அந்த ஊர் டேனியரோடு தொடங்கவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. கோட்டையைப் படமெடுப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை (நீங்களும்தான்!). டென்மார்க் அரசருக்கு நாயக்கர் அனுப்பிய பொன்னோலை கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஓலை வடிவத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி, தெலுங்கில் ஒப்பமிட்டது. நம் கரையில் இருக்கும் கோயிலுக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டாமா?

மழைக்காலம் கழிந்ததும் நானும் உடன் வருகிறேன். அதற்குள், 1792-ஆம் ஆண்டு நகரவாயிலை நீங்கள் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்