எந்தப் பாகம், ஏன் பழுதானது என்று சொல்லுங்கள்

மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு,

வணக்கம்.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு, குஜராத்தின் ஜாம்நகரில் இருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட நம் விமானப்படையின் ஜாகுவார் போர் விமானம் விழுந்து நொறுங்கியது. விமான தளத்துக்கும் ஊர் மக்களுக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொண்டே இரு விமானிகளும் வெளியேறினார்கள் என்று விமானப்படை அறிவித்தது. அவர்களில் ஒருவர் பிழைக்கவில்லை. காரணமாகச் சொல்லப்பட்டது 'தொழில்நுட்பக் கோளாறு'. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது என்ற வரியோடு செய்தி முடிந்தது. இப்படி முடியும் செய்திகளை எத்தனை ஆண்டுகளாகப் படித்து வருகிறோம்!

கோளாறு வானத்தில் முளைப்பதில்லை. 2011 நவம்பரில் இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளத்தில் நடந்ததைப் பாருங்கள். போர் விமானங்களில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி வீசும் இருக்கை உண்டு. தரையில் நின்றுகொண்டிருந்த ஹாக் பயிற்சி ஜெட்டில் அது தவறுதலாக இயங்க, விமானி இருக்கையோடு மேலே தூக்கி வீசப்பட்டார். தரையிலிருந்து வீசப்பட்டாலும் விரிந்து காப்பாற்ற வேண்டிய பாராசூட் விரியவில்லை. ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். அது பிடித்துக்கொண்டதால் பெரிய பாராசூட் வெளியே வர முடியவில்லை. ஒரு போல்ட், ஓர் உயிர். இதை நான் தமிழில் எழுத முடிவதற்குக் காரணம், அந்த நாடு விசாரணை அறிக்கையை வெளியிட்டதுதான். இருக்கையைத் தயாரித்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2018-இல் 11 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. அமெரிக்க விமானப்படையும் தன் விபத்து விசாரணை அறிக்கைகளைப் பொதுவில் வைக்கிறது. அவர்களுக்கும் ராணுவ ரகசியம் உண்டு.

நம் அனுபவம் கசப்பானது. எச்.பி.டி.-32 'தீபக்' பயிற்சி விமானத்தில் ஆபத்து நேரத்தில் விமானியை வெளியேற்றும் இருக்கையே கிடையாது. நடுவானில் இன்ஜின் நின்றால் கீழே இறக்குவது ஒன்றே வழி. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்த பிறகு, 2009-இல்தான் அது நிறுத்தப்பட்டது. முதல் சில விபத்துகளின் அறிக்கைகள் வெளியே வந்திருந்தால், யாராவது ஒரு பொறியாளரோ நாடாளுமன்ற உறுப்பினரோ முன்பே குரல் எழுப்பியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று உலகில் ஜாகுவாரை ஓட்டும் விமானப்படை நம்முடையது மட்டுமே. 2025-இல் மார்ச், ஏப்ரல், ஜூலை என மூன்று ஜாகுவார்களை இழந்தோம். இந்த விமானத்தைப் பற்றிப் பாடம் சொல்லித்தர இனி வேறு நாடு இல்லை. நம் விபத்துகளே நமக்குப் பாடம். அவற்றின் விசாரணை அறிக்கைகளைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன பயன்?

ஆயுதம், ரேடார் பற்றிய பக்கங்களைக் கறுப்பு மையால் அழித்துவிடுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை. எந்தப் பாகம் பழுதானது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, மற்ற விமானங்களில் அது மாற்றப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலை மட்டுமாவது, ஓராண்டுக்குள் வெளியிடுங்கள்.

முதல் பிரதி இறந்த விமானியின் வீட்டுக்குப் போகட்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். ஓர் அதிகாரி நேரில் சென்று, பெற்றோருக்குப் புரியும் மொழியில், அவர்கள் கேட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்