பத்து விடியலும் மதகடியில் நின்ற வெளிச்சத்துக்கு நன்றி

திருவாதிரை முடிந்து சில நாட்களே ஆகின்றன. பனியிலும் தூறலிலும் பாடிய தொண்டை இன்னும் கட்டியபடியே இருக்கிறது. அது தெளியும் முன்பே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று எங்கள் திருவெம்பாவைக் குழுவினர் என்னிடம் சொன்னார்கள். கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் ஊருக்கு நேர்ந்தது என்னவென்று திருகோணமலை மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, அதன் பிறகு வந்த மனிதர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இம்முறை திருவெம்பாவை வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நானே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்கீட்டன்று ஒரு வாசலிலும் விளக்கு எரியாத ஊர் இது. மார்கழி பிறந்தபோது, வாசலில் பிள்ளையார் பிடித்து வைப்பதற்குச் சாணம் தேடி மூன்று வளவுகள் ஏறி இறங்கினேன்; மாடுகளே இல்லாத ஊரில் சாணத்துக்கு எங்கே போவது? பாட்டுப் புத்தகங்கள் ஊறிக் கூழாகியிருந்தன. மடைப்பள்ளிப் பரணில் கிடந்த சங்கும் சேமக்கலமும் மாத்திரமே தப்பியிருந்தன. ஆனால், 2006 இல் இடம்பெயர்ந்து மட்டக்களப்பில் முகாமில் இருந்தபோதும் கூடாரங்களுக்கு இடையே நின்று இருபது பாட்டையும் பாடியவர்கள் நாங்கள் என்று ஒரு மூதாட்டி நினைவூட்டினார். அதற்குமேல் மறுத்துப் பேச என்னிடம் சொல் இருக்கவில்லை.

இம்முறை திருவெம்பாவையின் முதல் நாளும் நத்தாரும் ஒரே நாளில் வந்தன. டிசம்பர் 25 அதிகாலை நான்கு மணிக்கு, பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினேழு பேர் கோயிலடியிலிருந்து புறப்பட்டோம். வளர்பிறையின் தொடக்கம் என்பதால் அந்த நேரத்தில் வானத்தில் நிலவு இல்லை, வீதி விளக்குகளும் இல்லை. எங்களிடம் இருந்தவை இரண்டு கைவிளக்குகள். அவற்றுள் ஒன்று சங்கு ஊதுபவரின் கையில் இருந்ததால், அவர் ஊதும்போதெல்லாம் அதன் வெளிச்சம் வானத்துக்குப் போய்விடும். வழியில் மூன்று மதகுகள் உடைந்திருந்தன. முதலாவது மதகை நெருங்கும்போது பின்னால் ஒரு முச்சக்கர வண்டி வரும் சத்தம் கேட்டது. நாங்கள் பாட்டை நிறுத்தாமலே ஓரமாக ஒதுங்கி வழி விட்டோம். வண்டி முன்னே போகவில்லை. கையைக் காட்டினோம், அப்போதும் போகவில்லை. வேதனையிலும் தூக்கக் கலக்கத்திலும் இருந்த நான் திரும்பிப் போய், "போறதென்றால் போங்களேன், ஏன் பின்னால நின்று இரையிறீங்கள்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "டீச்சர், முன்னுக்குப் பள்ளம் கிடக்கு. நீங்க பாடிக்கொண்டு போங்க, நான் வெளிச்சம் பிடிக்கிறன்" என்றார் அவர்.

மூதூரைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர் அவர். நள்ளிரவு நத்தார் திருப்பலிக்குப் போய்வந்த ஒரு குடும்பத்தை எங்கள் ஊருக்கு அப்பால் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், நீர் நின்ற இடத்தில் வண்டி இயங்காமல் நின்றுபோய், அதைச் சரிசெய்து கொண்டு வரவே அந்த நேரமாகிவிட்டதாம். தம் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய மனிதர், எங்கள் வேகத்துக்கு நடைபோலவே வண்டியை உருட்டி, மூன்று மதகுகளையும் நாங்கள் கடந்து முடிக்கும் வரை கூட வந்தார்.

அது அன்றோடு முடிந்திருந்தால் ஒரு நன்றிச் சொல்லோடு நானும் மறந்திருப்பேன். மறுநாளும் நான்கு மணிக்குக் கோயிலடியில் வண்டி நின்றது. அவரை யாரும் அழைக்கவில்லை. முதல் நாள் இயந்திரத்தின் இரைச்சலில் எங்கள் பாட்டு அமுங்கிப் போனதைக் கவனித்திருக்கிறார். எனவே இரண்டாம் நாளிலிருந்து அவர் எங்கள் பின்னால் வராமல், முன்கூட்டியே போய் மதகடியில் வண்டியைச் சாய்வாக நிறுத்தி, எங்கள் கண்ணில் கூசாதபடி பள்ளத்தின் மீது மாத்திரம் விளக்கு விழும்படி வைத்து, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். கடைசிப் பிள்ளை தாண்டிய பிறகே அடுத்த மதகுக்குப் போவார். இயந்திரத்தை அணைத்து விளக்கை எரியவிட்டால் பற்றரி என்னாகும் என்பது தெரிந்ததே. ஐந்தாம் நாள் வண்டி கிளம்ப மறுத்து, எங்கள் பெடியன்கள் சேமக்கலத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ள வேண்டியதாயிற்று. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீதியில் எழுந்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் 26 ஆம் திகதி. 2004 இல் கடல் கொண்டுபோனவர்களின் பெயர் இல்லாத வீடு இந்தக் கொட்டியாரக்குடாக் கரையில் குறைவு. அன்று மதகடியில் அவர் வண்டியைவிட்டு இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்களைக் கோயில் வாசலில் சேர்த்ததும் சுபஹ் தொழுகைக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுவிடுவார். எரிபொருளுக்கென்று கொடுத்த பணத்தை ஒரு நாளும் வாங்கவில்லை. படையலில் வைத்த அவலைக் கொடுத்து அவரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்பதால், என் வீட்டில் தனியாக வைத்த வெறுந்தேநீரையும் ஒரு கட்டிச் சர்க்கரையையும் நீட்டினேன். அதை மட்டும் மறுக்கவில்லை. பத்தாம் நாள், திருவாதிரையன்று, பூரணைக்குக் கிட்டிய நிலவு மேற்கே தெளிவாக நின்றதால் எங்களுக்கு விளக்கே தேவைப்படவில்லை. அன்றும் அவர் வந்து அதே இடத்தில் நின்றார். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஏனையோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்: கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கித் தந்த நகரத்து இளைஞர்கள், நத்தார் கொண்டாட்டத்துக்கு வைத்திருந்த பணத்தில் உலர் உணவு கொண்டுவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், உழவு இயந்திரத்தில் விறகு ஏற்றிவந்த சிங்கள விவசாயிகள், புத்தகங்கள் நனைந்ததைக் கேட்டுப் புதியவற்றை அனுப்பிய கனடா, சுவிஸ் உறவுகள், சமையற் பாத்திரங்களை இரவல் தந்து இன்னும் திருப்பிக் கேட்காத பக்கத்து ஊர்ப் பெண்கள். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதல் நாள் அந்த இருட்டில் நான் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடாமல் உறுத்துகிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு, பின்னால் வண்டி நின்றால் இடைஞ்சலுக்காகத்தான் நிற்கும் என்று ஏன் தோன்றியது? அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "என்ன டீச்சர், இரைச்சல்தானே" என்று சிரித்துவிட்டார். அவர் விட்டுவிட்டார் என்பதற்காக நானும் விட்டுவிட முடியவில்லை.

அடுத்த மாதம் ரமழான் நோன்பு தொடங்குகிறது. சஹர் நேரத்தில் இந்த வீதியால் போய்வருபவர்களுக்கும் அதே இருட்டு, அதே பள்ளங்கள். ஆகவே எங்கள் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 11 ஆம் திகதி காலை ஏழு மணிக்கு, மூன்று மதகடிகளிலும் கல்லும் கிரவலும் இட்டு நிரப்பும் சிரமதானம் நடைபெறும். வரக்கூடியவர்கள் மண்வெட்டியும் தாச்சியும் கொண்டு வாருங்கள். தேநீர் எங்கள் பொறுப்பு. அவருக்கு மாத்திரம் யாரும் தகவல் சொல்ல வேண்டாம். தெரிந்தால் நான்கு மணிக்கே வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பார்.

திருவெம்பாவைக் குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்