சிறுகதை வாசிப்பில் அணிக்குப் பெயர் சொன்னால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற பின்னர், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களோடு வார இறுதிகளில் சிறுகதைகளை வாசித்து வருகிறேன். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியையும் தவறாமல் படிக்கிறேன். சிறுகதையின் இலக்கியக் கூறுகளும் அணிநயங்களும் நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு சென்று சேர்கின்றன என்பது பற்றித் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குச் சில கருத்துகளைக் கொண்டுவர விரும்புகிறேன்.

உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், குறியீடு ஆகிய பெயர்களை நம் மாணவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் ‘போல’ வந்துவிட்டால் உவமை என்று உடனே எழுதிவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த உவமை அந்த இடத்தில் ஏன் வந்தது, அதை எடுத்துவிட்டால் கதை எதை இழக்கும் என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே தடுமாறிப்போகிறார்கள். இதில் அவர்கள் குறை ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அண்மையில் ரப்பர் தோட்டத்துக் கதையொன்றை வாசித்து முடித்த மாணவியிடம், அதில் விடியற்காலையில் பெய்யும் மழை எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். செழிப்பையும் மகிழ்ச்சியையும் குறிக்கிறது என்று தயக்கமில்லாமல் சொன்னார். அவர் வைத்திருந்த பயிற்சி நூலில் மழை என்றால் செழிப்பு, இருள் என்றால் துயரம், பறவை என்றால் விடுதலை என ஒரு பட்டியலே அச்சிடப்பட்டிருந்தது. உழவனின் கதையாக இருந்தால் அந்த விடை முற்றிலும் சரி. பால்மரக் காட்டில் நடக்கும் கதைக்கு அது நேர்மாறான விடை. இரவின் கடைசியில் மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடும். நனைந்த மரத்தை வெட்டினால் பால் வெட்டுக் கோட்டின் வழியே ஓடி, அதைச் சேர்க்கும் கிண்ணமான மங்கில் விழாமல், பட்டையெங்கும் பரந்து வழிந்து வீணாகும். வெயில் ஏற ஏறப் பாலின் ஓட்டமும் குறைந்துவிடும் என்பதால், மழை விட்டபின் பத்து மணிக்குக் காட்டுக்குப் போய் ஈடுகட்டிவிடவும் முடியாது. அன்றைய கூலி போயிற்று என்றுதான் தோட்டத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள். லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், கூரையில் விழும் மழையின் ஓசையைக் கேட்டு அந்தக் கதையின் தாய் விழித்துக்கொண்டு படுத்திருப்பதற்கு அதுதான் காரணம். இதைச் சொன்னதும் அந்த மாணவி கதையை மீண்டும் முதலிலிருந்து படித்தார்; மழை வருவதற்கு முன்பே அந்தத் தாய் அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார் என்பதை அவராகவே கண்டுபிடித்துக் காட்டினார்.

ஒரு பொருள் எதைக் குறிக்கும் என்பதை அது நிற்கும் நிலமே முடிவு செய்கிறது என்ற உண்மை நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று. சொல்ல வந்ததை வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே வைக்கும் உள்ளுறை உவமம், தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை இடமாகக் கொண்டு வரும் என்று தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. அந்தந்த நிலத்து மரமும் விலங்கும் நீரும் மீனுமே அங்கே பேசாத பேச்சைப் பேச வேண்டும் என்பது அதன் பொருள். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலோர மாமரத்திலிருந்து தானாக முதிர்ந்து விழும் கனியைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர் என்று தலைவனின் ஊர் சொல்லப்படுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது வெறும் மருதநில வருணனை. அதைச் சொல்பவள் அவனோடு உறவு கொண்டிருந்த பரத்தை என்பதை நினைவில் வைத்துப் படித்தால், நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனேதான் வந்தான் என்று அவள் வாய்விட்டுச் சொல்லாதது புரிகிறது. சங்கப்பாட்டுக்கு இவ்வாறு விளக்கம் சொல்லத் தெரிந்த நாம், இன்றைய சிறுகதைக்கு வரும்போது மட்டும் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

உவமைக்கும் இதே தொல்காப்பியம் நல்ல வழி காட்டுகிறது. வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்னும் நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்று உவமவியல் கூறுகிறது. ‘அப்பாவின் கை, மறுபட்டை வெட்டிய மரத்தைப் போலிருந்தது’ என்று ஒரு வரியை எழுதி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். கை சொரசொரப்பாக இருந்தது என்பதோடு எல்லாரும் நின்றுவிட்டார்கள். ரப்பர் மரத்தை ஒரு பக்கம் வெட்டி முடித்தபின் அந்த இடத்தில் புதுப்பட்டை வளர விடுவதையும், வளர்ந்த பட்டையை மீண்டும் வெட்டுவதையும், ஏறக்குறைய இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வதையும் விளக்கிய பிறகு, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர், ‘அப்படியென்றால் அப்பாவையும் சாய்த்துவிடுவார்களா, டீச்சர்?’ என்று கேட்டார். தோற்றத்தில் தொடங்கிய உவமை வினைக்கும் பயனுக்கும் நகர்ந்துவிட்டது. அணியைப் பற்றி அன்று அதற்கு மேல் நான் எதையும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவலையோடு குறிப்பிட வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ரப்பர் இருந்த இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் இருக்கின்றன. பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), மங்கு, ஒட்டுப்பால் (உறைந்த பால்), வெட்டுக்காடு (பால் வெட்டும் காடு) ஆகியவை இன்றைய பதினைந்து வயது மாணவருக்கு நெய்தல் நிலத்துப் பொருள்களைப் போலவே தொலைவானவை. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் பெரும்பகுதி இந்தப் பொருள்களைக் கொண்டே தன் உவமைகளையும் குறியீடுகளையும் ஆக்கிக்கொண்டது. பொருள் கண்ணுக்கு எட்டாமல் போனபின், அணி மட்டும் எப்படி விளங்கும்?

பின்னணி என்னும் கூறும் இதே நிலையில்தான் இருக்கிறது. இடம், காலம், சமுதாயம் என்று மூன்று துணைத்தலைப்புகள் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் பின்னணி முடிந்துவிடுகிறது. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டங்களில் துரைமார் (ஐரோப்பிய நிர்வாகிகள்) மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காகப் பல இடங்களில் வேலைக்குப் போகும் ஆட்கள் சோறு கொண்டுபோவதும் தடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நடக்கும் ஒரு கதையில் காவலர் ஒருவர் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தால், அது வெறும் சம்பவம் அன்று. கதையின் அச்சம் முழுவதும் அந்தத் தூக்குக்குள் இருக்கிறது. காலம் என்ற துணைத்தலைப்பின்கீழ் ‘1950-ஆம் ஆண்டுகள்’ என்று எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவருக்கு இந்த அச்சம் போய்ச் சேருவதில்லை.

கதையை யார் கண்வழியாகச் சொல்வது என்னும் நோக்குநிலைக்கு நம் வகுப்புகளில் கிடைக்கும் இடம் மிகவும் குறைவு. தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று என்று பெயர் சொல்வதோடு முடித்துக்கொள்கிறோம். நான் பயிற்சிக்காக எழுதிக் கொடுத்த இரண்டு வரிகளை இங்கே தருகிறேன்; கிராணி என்பவர் தோட்டத்து எழுத்தர். ‘கிராணி ஐயா வந்துவிட்டுப் போன பிறகு அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஊதாங்குழலால் நெடுநேரம் ஊதிக்கொண்டே இருந்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.’ இதைச் சொல்வது ஆறு வயதுக் குழந்தை. குழந்தை கண்டதைக் கண்டபடி சொல்கிறது. கண்டதன் பொருள் அதற்குத் தெரியாது. தாய் அழுகிறார் என்று கதையில் எங்கும் எழுதப்படவில்லை. அதே காட்சியைப் படர்க்கையில், எல்லாம் அறிந்தவர் ஒருவர் சொல்வதாக மாணவர்களை மாற்றி எழுதச் சொன்னால், ‘அவள் கண்ணீரை மறைத்தாள்’ என்று எழுதிவிட்டு, ஏதோ ஒன்று குறைந்துவிட்டது என்று அவர்களே சொல்கிறார்கள். நோக்குநிலை எதற்காக என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வழியை நான் அறியேன்.

கதைப்பின்னலும் உச்சமும் ஓரளவு நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. படிப்பினை என்ற பகுதியைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஒவ்வொரு கதையிலிருந்தும் ‘நாம் கடின உழைப்பாளியாக இருக்க வேண்டும்’ என்று ஒன்றைப் பிழிந்தெடுக்கச் சொல்வதால், கதையின் முடிவில் எழுத்தாளர் வேண்டுமென்றே விட்டுச் சென்ற ஐயத்தைப் பிள்ளைகள் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, 1950-ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ இந்நாட்டில் சிறுகதை எழுதுவோரை உருவாக்கிய வரலாற்றைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அந்த இதழ் 2019-இல் நின்றுபோயிற்று. எழுத்தாளரை உருவாக்க அன்று ஒரு நாளிதழ் இடம் கொடுத்தது. வாசகரை உருவாக்க இன்று தங்கள் நாளிதழ் இடம் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மாணவர் பகுதியில் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை ஒரு மலேசியச் சிறுகதையை வெளியிட்டு, அதன்கீழ் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம். கேள்விகள் ‘இதில் வரும் அணி யாது?’ என்பதாக இல்லாமல், ‘இந்த இடத்தில் இந்த உவமை ஏன்?’, ‘இதை யார் சொல்கிறார், அவருக்குத் தெரியாதது என்ன?’ என்பனவாக இருக்கட்டும். கதையில் வரும் தோட்டத்துப் பொருள்களையும் வேலைகளையும் விளக்கும் சிறு குறிப்பை, அந்த வேலையைச் செய்த பெரியவர்களிடமே கேட்டு வாங்கி வெளியிடலாம். அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்துக் குறிப்புகளை எழுதி அனுப்பும் பொறுப்பை, எங்கள் வட்டாரத்தைப் பொறுத்தவரை நானும் என் மாணவர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
சுங்கை சிப்புட், பேரா.