மருந்து வாங்கும் முன் குழியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா, டெக்சஸ் போன்ற தென்மாநிலங்களில் ஊருக்கு வெளியே சில ஏக்கர் வாங்கிக் குடியேறும் தமிழர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியே ஒரு வேண்டுகோள். விடிந்து பார்த்தால் புல்தரையெல்லாம் குழியாகக் கிடக்கிறது என்பதற்காகக் கையில் கிடைத்த பூச்சிமருந்தைத் தூவாதீர்கள். குழிக்குள் பாச்சை உருண்டையும் போடாதீர்கள். பாச்சை உருண்டைக்கு எந்த விலங்கும் ஓடுவதில்லை. லேபிளில் சொல்லாத வேலைக்கு அதைப் பயன்படுத்துவது அங்கே மத்திய அரசின் சட்டப்படி குற்றமும்கூட.

முதலில் குழியைப் பாருங்கள். மூன்று நான்கு அங்குல அகலத்தில், கூம்பு வடிவில், ஆழமில்லாமல் ஆங்காங்கே இருந்தால் அது ஆர்மடில்லோ, அதாவது உடம்பில் ஓடுபோன்ற கவசமுள்ள, மண்ணைத் தோண்டும் விலங்கு. குழியே இல்லாமல், புல்லுக்கு அடியில் மண் நீளமாகப் புடைத்து, மிதித்தால் அமுங்கினால் மோல், அதாவது மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி வாழும் சிறு விலங்கு. ஏர் உழுததுபோல் மேய்ச்சல் நிலமே புரண்டு கிடந்தால் காட்டுப்பன்றி.

ஆர்மடில்லோவுக்குப் பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவையும் (புல்வேரைத் தின்னும் வண்டின் இளம்புழு) மண்புழுவையும் தேடித்தான் வருகிறது. சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கையில் தினமும் தண்ணீர் தெளிக்கும் புல்தரைதான் அதற்கு இளகிய மண். ஆகவே தினசரித் தெளிப்பை நிறுத்தி, மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கிடைக்கும்படி ஒன்றிரண்டு தடவை ஆழமாகப் பாய்ச்சினால் போதும். பிடிக்க வேண்டுமானால் கூண்டுக்குள் இரை தேவையில்லை. வேலி ஓரமாகவோ வளை வாசலிலோ கூண்டை வைத்து, ஆறடிப் பலகை இரண்டை அதன் வாயிலிருந்து இருபுறமும் V வடிவில் விரித்து நிறுத்துங்கள். தடையை ஒட்டியே நடக்கும் பழக்கம் அதைக் கூண்டுக்குள் கொண்டு சேர்க்கும். பலகை இல்லாத கூண்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். சில ஆர்மடில்லோக்கள் தொழுநோய்க் கிருமியைச் சுமப்பவை. வெறுங்கையால் தொடவே கூடாது. பிடித்ததை வேறிடத்தில் விடுவதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநில வனவிலங்குத் துறையைக் கேட்டுவிட்டுக் கூண்டு வையுங்கள்.

வேர்ப்புழு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் மருந்தடிப்பதுதான் எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது. ஓர் அடிச் சதுரத்தில் மூன்று பக்கம் மண்வெட்டியால் வெட்டி, மூன்று அங்குல ஆழத்துக்குப் புல்லைப் பாய்போல் மடக்கி, உள்ளே C வடிவில் சுருண்டிருக்கும் வெள்ளைப் புழுக்களை எண்ணுங்கள். நாலைந்து இடங்களில் பார்த்தும் ஐந்துக்குக் கீழ்தான் என்றால் மருந்தே வேண்டாம். நல்ல புல் அதைத் தாங்கிக்கொள்ளும். கூடுதலாக இருந்தால் ஜூலை, ஆகஸ்ட்தான் காலம். அப்போது புழு சின்னது, மேல்மண்ணிலேயே இருக்கும். மருந்து போட்டதும் அரை அங்குலம் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் அது புழுவிடம் போய்ச் சேராது. வசந்தத்தில் போடுவது பணவிரயம். முற்றிய புழு மருந்துக்கு எளிதில் சாகாது, சில வாரங்களில் தானே கூட்டுப்புழுவாகிவிடும்.

மோல் வேரைத் தின்பதில்லை. மண்புழுதான் அதன் முக்கிய உணவு. வேர்ப்புழுவை ஒழித்தால் மோல் போய்விடும் என்று நம்பி மருந்தடிப்பவர்கள் அதனால்தான் ஏமாறுகிறார்கள். புடைப்புகளைப் பல இடங்களில் காலால் அமுக்கிவிட்டு, ஒன்றிரண்டு நாளில் எது மீண்டும் எழும்புகிறது என்று பாருங்கள். வளைந்து வளைந்து போவது பெரும்பாலும் ஒருமுறை இரை தேடிய வழி. நேராக ஓடுவதுதான் அன்றாடப் பாதை. பொறியை அங்கே வையுங்கள்.

காட்டுப்பன்றியை ஒன்றிரண்டாகச் சுடுவதால் கூட்டம் சிதறி எச்சரிக்கையாகிவிடும். பெரிய பட்டிக்கூண்டின் கதவைத் திறந்தே வைத்து மக்காச்சோளம் போட்டுப் பழக்குங்கள். மொத்தக் கூட்டமும் தயங்காமல் உள்ளே வரத் தொடங்கிய பிறகே கதவை விழவிட வேண்டும். பிடித்த பன்றியை அறுக்கும்போது கையுறை கட்டாயம். பன்றிகளுக்கு வரும் புருசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும்.

சேதமான இடத்தைச் சமன்செய்யும்போது புல்லின் குணமறிந்து செய்யுங்கள். பெர்முடா, அதாவது நம் அருகம்புல், கோடையில் தானே ஓடிப் படர்ந்து மூடிக்கொள்ளும். டால் ஃபெஸ்க்யூ என்ற புல் கொத்தாக வளர்வது, பெரிதாகப் படராது. இலையுதிர் காலத்தில் விதைத்தே ஆக வேண்டும். குதிரை மேயும் நிலமானால் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ‘கென்டக்கி 31’ ரக ஃபெஸ்க்யூவுக்குள் வாழும் பூஞ்சை சினைக் குதிரைக்கு ஆகாது. ஈனுவதற்கு மூன்று மாதம் முன்பே அதை வேறு மேய்ச்சலுக்கு மாற்றிவிட வேண்டும்.

பெரும்பாலான கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) விவசாய ஆலோசனை சொல்லும் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகம் இருக்கிறது. புழுவையோ குழியின் படத்தையோ கொண்டுபோய்க் காட்டினால் இன்னதென்று சொல்வார்கள். பூச்சிமருந்துக் கடைக்குப் போகும் முன் அங்கே போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜார்ஜியா மாநிலம், அமெரிக்கா