உன் 32-ஆம் நம்பரை அழித்துவிட்டேன்

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் கடன் என்று நினைப்பாய். ரெண்டும் இல்லை. ஒரு தப்பு செய்திருக்கிறேன், சொல்லித் தொலைத்தால்தான் தூக்கம் வரும். மற்றபடி நம் இசைக்குழுவில் எல்லாரும் நலம். தாடி இன்னும் ஒவ்வொரு பாட்டையும் ஆரம்பித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில்தான் முடிக்கிறான். மாஸ்டர் இன்னும் அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார்.

"சும்மா வச்சிக்கோ" என்று நீ விட்டுப்போன, கிடார் சத்தத்தை விதவிதமாக மாற்றும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி இருக்கிறதே, அதைப் போன மாதம்தான் வெளியே எடுத்தேன். என் கீபோர்டில் ஆர்கன் சத்தம் எவ்வளவு செத்த சத்தம் என்று உனக்கே தெரியும். உன் பெட்டியில் சுழலும் ஸ்பீக்கர் மாதிரி ஒலிக்கவைக்கும் ரோட்டரி எஃபெக்ட் இருந்தது நினைவுக்கு வந்தது. கீபோர்டு வால்யூமை முழுசாக வைத்து நேராக இன்புட்டில் சொருகினேன் பார், பியானோ மாடிப்படியில் உருண்டு விழுவது போல ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணையவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது: அந்த இன்புட், கிடார் பிக்கப் தரும் மெல்லிய சிக்னலுக்காகச் செய்தது, கீபோர்டு அனுப்புவது லைன் லெவல், பல மடங்கு பெரிசு. அதுவும் டிஜிட்டலில் அளவு மீறினால் உன் ஓவர்டிரைவ் மாதிரி இனிமையாகவா கரகரக்கும்? அலையின் தலையை அப்படியே வெட்டிவிடுகிறது. கீபோர்டு வால்யூமைக் கால்வாசிக்குக் குறைத்ததும் அடங்கியது.

அடுத்ததைச் சொன்னால் சிரிப்பாய். பியானோவில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், அது தேய்ந்து போகிற நேரத்தில் டக்கென்று காணாமல் போகிறது. சஸ்டெய்ன் பெடல்தான் போய்விட்டது என்று ஸ்க்ரூடிரைவர் எடுத்து அதைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங் பறந்து அலமாரிக்கு அடியில் போய், தரையில் படுத்துத் தேடி, திரும்ப மாட்டி, அப்புறமும் அதே கதை. கடைசியில் பார்த்தால் உன் பேட்சில், அதாவது நீ சேமித்து வைத்த சத்த அமைப்பில், நாய்ஸ் கேட் ஓடிக்கொண்டிருக்கிறது! உன் கிடாரின் இரைச்சலுக்கு நீ போட்ட காவல்காரன் என் பியானோவின் வாலை வெட்டிக்கொண்டிருந்தான். கிடார் ஸ்பீக்கர் மாதிரி ஒலிக்கவைக்கும் கேபினெட் சிமுலேஷனும் அப்படித்தான். கிடார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரிசாக எதையும் தராது, அதனால் பியானோ கம்பளி போர்த்திக்கொண்டு பாடியது. ஆனால் எலக்ட்ரிக் பியானோவுக்கு அதே கம்பளி அழகாக இருக்கிறது, ஏன் என்று கேட்காதே.

பெட்டிக்கு ஒரே இன்புட் என்பதால் ஒரு தந்திரம் செய்தேன். கீபோர்டில் ஆர்கனை முழுக்க இடப்பக்கம் தள்ளினேன், பியானோவை முழுக்க வலப்பக்கம். இடது அவுட் உன் பெட்டிக்கு, வலது அவுட் நேராக மிக்ஸருக்கு. மாஸ்டரே "யார் சொல்லிக் கொடுத்தது" என்று கேட்டார். நீதான் என்று பொய் சொல்லிவிட்டேன்.

ரோட்டரி, மாப்ளே! நிஜ லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியில் மேலே ஒரு கொம்பு சுழலும், கீழே ஒரு டிரம் சுழலும், கொம்பு சீக்கிரம் வேகம் பிடிக்கும், டிரம் கனம் என்பதால் மெல்லத்தான் ஏறும். அந்த இடைவெளியைக்கூட இந்தச் சின்னப் பெட்டி விடாமல் செய்கிறது. காலால் ஒரு மிதி, ஆர்கன் மூச்சை இழுத்துக்கொண்டு எழும்புகிறது. ராத்திரி முழுக்க ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு அதை மட்டுமே மிதித்துக்கொண்டிருந்தேன்.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பேட்சுக்குப் பேட்ச் வால்யூம் ஏறி இறங்குகிறது, உன் பழைய அமைப்புகள் குழப்புகின்றன, புதிதாக ஆரம்பிப்போம் என்று ரெண்டு பட்டனையும் அழுத்திக்கொண்டே பவரைப் போட்டேன். திரை ஏதோ கேட்டது. சரி என்றேன். மூன்று விநாடி. கம்பெனி கொடுத்த ப்ரீசெட் மட்டும் மிச்சம், நீ செய்தது ஒன்றுகூட இல்லை. உன் 32-ஆம் நம்பர் பேட்சும் இல்லை. பின்னால் மிடி அவுட் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது, ஒரு கேபிள் மாட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைத்திருக்கலாம். செய்யவில்லை.

திட்டு. ஆனால் முழுசும் படித்துவிட்டுத் திட்டு.

நம் பழைய ஒத்திகைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நாளாக 32-ஐத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். டெம்போ 96, அப்படியென்றால் ஒரு அடி 625 மில்லிசெகண்ட். உன் டிலே அதில் முக்கால், 469. வைத்துப் பார்த்தேன், எதிரொலி பதிவின் மேல் அச்சாக உட்கார்ந்தது. நாலு முறை திரும்பி வருகிறது, நாலாவது காதில் பட்டும் படாமலும். ரிவெர்ப் டிலேவுக்குப் பின்னால் என்று நினைக்கிறேன். இதுவரை சரி. ஓவர்டிரைவ்தான் பிடிபடவில்லை. கீபோர்டில் இருக்கிற கிடார் சத்தத்தை வைத்துச் சோதித்தால் கொசு பாடுகிறது. "விரல்லதான்டா எல்லாம்" என்கிறான் தாடி, வேலை செய்ய மனசில்லாதவன் சொல்கிற பேச்சு அது. விஷயம் வேறு. நீ கிடாரில் வால்யூம் நாபை ஏழில் வைத்து வாசிப்பாய், ஓங்கி வரும் இடத்தில் சுண்டுவிரலால் பத்துக்குத் தள்ளுவாய். ஏழில் சிக்னலும் குறையும், மேல் ஸ்தாயியின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். பெட்டிக்குள் இருந்தது பாதிதான், மீதி அந்த நாபில். அது உன்னிடம் இருக்கிறது. கிடாரை அதன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி நாலு வருஷமாகிறது.

ஏன் நிறுத்தினாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த நாள் மேடையில் நடந்ததுதான் காரணம் என்று எல்லாரும் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம், உன்னிடம் யாரும் பேசவில்லை. அது 32-ஐ அழித்ததைவிடப் பெரிய தப்பு என்று இந்தப் பத்து நாளில்தான் தோன்றியது. அந்தப் பதிவில் உன் ஸோலோ முடிந்ததும் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நீதான்.

கிடாரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வா. வாசிக்க வேண்டாம், கார்டு மட்டும் பிடி, நான் நாபைத் திருகுகிறேன், சத்தம் வந்ததும் "போதும்" என்று சொல். கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கும். பத்து கேஜ் தடிமன்தானே? ஒரு செட் வாங்கி வைக்கிறேன். அடாப்டர் எதையும் கொண்டுவராதே, போன தடவை பிளஸ் மைனஸ் மாறினதைச் சொருகி நீ என்ன செய்தாய் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உன்,
கட்டை