சிகாகோவிலிருந்து அப்பாவுக்கு: 121 தோல்விகளைப் பற்றி

சிகாகோ,
6.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. இங்கே நானும் மாப்பிள்ளையும் பேரனும் நல்ல சுகம். அங்கே நீங்கள், அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டதாக அண்ணன் சொன்னான். மொட்டைமாடிக்குத் துணி காயப்போட ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இங்கே குளிர் மெல்லத் தலைகாட்டுகிறது. சாயங்காலம் ஏரிக்காற்று அடித்தால் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "தோத்துக்கிட்டே இருக்கிற டீமுக்கு எதுக்கும்மா இப்படி உசுர விடுற?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அது போனில் சொல்லித் தீரும் விஷயமும் இல்லை. கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் வெயில் பாராமல் நின்று, நம் ஊர்ப் பையன்கள் தோற்ற அன்று சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்ட மனிதர் நீங்கள். உங்களுக்குப் புரியாதது இதில் ஒன்றுமில்லை. விவரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சிகாகோவில் பேஸ்பால் அணிகள் இரண்டு. வடக்கே கப்ஸ், தெற்கே ஒயிட் சாக்ஸ். நாங்கள் குடியிருப்பது தெற்கே. ரெட் லைன் ரயிலில் 35-வது தெருவில் இறங்கினால் எதிரேயே மைதானம். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டி.வி.யில் சாக்ஸ் ஆட்டம்தான் ஓடும். அங்கே இருக்கும் ஒரு பெரியவர்தான் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய அப்பா அவரைப் பழைய கோமிஸ்கி பார்க்குக்குக் கூட்டிப்போவாராம். 1910-ல் கட்டியது, 1990-தோடு மூடிவிட்டார்கள். பெரியவருக்குக் கை நடுங்கும். ஆனாலும் பென்சிலை விடமாட்டார். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒவ்வோர் எண் உண்டு. ரன் எடுக்க ஓடுகிறவர் வரிசையாகத் தொட்டுப் போக வேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பெயர். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து, இரண்டாவது பேஸ்காரருக்கு எறிந்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு பேர் அவுட்டானால், சின்னக் கட்டத்துக்குள் 6-4-3 என்று எழுதுவார். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டானால், அதாவது ஸ்ட்ரைக்அவுட் ஆனால், 'கே'. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையைக் கூட அசைக்காமல் நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவார். இப்போது நானும் எழுதுகிறேன்.

சரி, சீசனுக்கு வருகிறேன். ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆட வேண்டும். மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை, கிட்டத்தட்ட தினமும். டிரா என்ற பேச்சே இல்லை. இத்தனை ஆட்டம் இருப்பதால் மோசமான அணியும் பொதுவாக அறுபது எழுபது ஜெயித்துவிடும். நல்ல அணியும் அறுபது எழுபது தோற்கும். 100 தோற்றாலே அது பெரிய அவமானம். எங்கள் அணி இந்த வருடம் 121 தோற்றது. ஜெயித்தது 41. 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே சீசனில் இவ்வளவு தோற்றதில்லை. இதற்கு முன்னால் அந்தப் பெயர் 1962 நியூயார்க் மெட்ஸுக்கு இருந்தது, 120 தோல்வி.

இங்கே டி.வி.யில் பேசுகிறவர்கள் மெட்ஸ் கதையைச் சொல்லி எங்களைத் தேற்றுகிறார்கள். அதே மெட்ஸ் ஏழே வருடத்தில், 1969-ல், உலகக் கோப்பை மாதிரியான வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தார்களாம், பொறுத்திருங்களாம். எனக்கு அந்தப் பேச்சு ஏறவில்லை அப்பா. மெட்ஸ் 1962-ல்தான் பிறந்த அணி. மற்ற அணிகள் வேண்டாமென்று கழித்துவிட்டவர்களைப் பொறுக்கிச் சேர்த்து ஆடினார்கள். ஒயிட் சாக்ஸ் அப்படியா? 1901-லிருந்து இந்த லீகில் இருக்கிற அணி. 2005-ல் ஹூஸ்டன் அணியை நான்குக்கு நான்கு ஜெயித்து, 1917-க்குப் பிறகு முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸ் வாங்கிய அணி. அதெல்லாம் கூட வேண்டாம், 2021-ல் 93 ஆட்டம் ஜெயித்துப் பிரிவில் முதலிடம் பிடித்தது. மறு வருடம் 81 வெற்றி, 81 தோல்வி. அதற்கடுத்து 101 தோல்வி. இப்போது 121. மூன்றே வருடத்தில் ஓர் அணி இப்படிச் சரிந்தால் விளையாடுகிறவனைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. மேலே உட்கார்ந்து நடத்துகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜெரி ரெய்ன்ஸ்டார்ஃப் என்பவர் 1981-லிருந்து முதலாளி. மைக்கேல் ஜோர்டான் ஆடிய புல்ஸ் கூடைப்பந்து அணியும் அவருடையதுதான். 2020-ல், அணி நன்றாகத் திரண்டு வந்த நேரத்தில், டோனி லா ரூசா என்ற 76 வயதுக்காரரை மேனேஜராகக் கொண்டுவந்தார். பெரிய மேனேஜர்தான், மறுக்கவில்லை. ஆனால் 2011-க்குப் பிறகு அவர் ஓர் அணியையும் நடத்தவில்லை. முதலாளியின் பழைய நண்பர். அந்தப் பையன்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டவர் அவர் இல்லை என்று இந்தத் தெற்குப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பணத்திலும் அப்படித்தான். இந்த அணி தன் வரலாற்றிலேயே ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுத்த பெரிய ஒப்பந்தம், ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு ஐந்து வருடத்துக்கு 75 மில்லியன் டாலர். போன டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி ஒஹ்தானி என்ற ஆட்டக்காரருக்குப் பத்து வருடத்துக்கு 700 மில்லியன் எழுதிக்கொடுத்தது. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்து அணி இது. கையில் இல்லாமல் இல்லை, கொடுக்க மனமில்லை.

சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் முதல்தரப் பிட்சரான (பந்து வீசுகிறவர்) டிலன் சீஸை சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் 25 ஆட்டத்தில் ஜெயித்தது மூன்று.

மே 23 ஆட்டத்தை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் தப்பான எல்.பி.டபிள்யூ. கொடுத்தால் அன்றைக்கெல்லாம் ரேடியோவைத் திட்டுவீர்களே, அதனால் சொல்கிறேன். பால்டிமோர் அணியோடு இங்கே ஆட்டம். கடைசி இன்னிங்ஸ். 8-6 என்று பின்தங்கியிருக்கிறோம், முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் நம் ஆட்கள், ஒரே ஒரு அவுட். பெனின்டெண்டி அடித்த பந்து நேராக மேலே போய்விட்டது. இந்த மாதிரி நேரத்தில் பந்து கைக்கு வரும் முன்பே பேட்டர் அவுட் என்று அம்பயர் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் பந்தை வேண்டுமென்றே தவறவிட்டு, பேஸில் நிற்கும் இரண்டு பேரையும் அவுட்டாக்கலாமே, அதைத் தடுக்கத்தான் இந்த விதி. நல்ல விதி. ஆனால் அன்றைக்கு இரண்டாவது பேஸில் இருந்த ஆண்ட்ரூ வான், தன் பேஸுக்குத் திரும்பும்போது பந்துக்கு வந்த ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் நின்றார் என்று அவரையும் அவுட் கொடுத்துவிட்டார்கள். ஷார்ட்ஸ்டாப் சிரமமே இல்லாமல் பந்தைப் பிடித்தார். ஒரே பந்தில் இரண்டு அவுட், மொத்தம் மூன்று ஆகி ஆட்டம் முடிந்தது. மறுநாள், அம்பயர் அதைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம் என்று லீக்கிலிருந்தே அணிக்குச் சொன்னதாகச் செய்தி வந்தது. சொல்லி என்ன பயன்? அந்த வாரம் தொடங்கிய தோல்வி 14 ஆட்டம் வரை நிற்கவில்லை. இவ்வளவு பழைய அணியின் வரலாற்றில் அதுவரை ஒரே சீசனுக்குள் அத்தனை தொடர் தோல்வி வந்ததில்லை.

அதையும் ஜூலையில் தாண்டிவிட்டார்கள். ஜூலை 10-லிருந்து ஆகஸ்ட் 5 வரை 21 ஆட்டம் தொடர்ந்து தோல்வி. எங்கள் அணி ஆடும் அமெரிக்கன் லீகில் 1988-ல் பால்டிமோர் மட்டும்தான் அப்படித் தோற்றிருக்கிறது. ஆகஸ்ட் 6 ராத்திரி ஓக்லண்டில் 5-1 என்று ஜெயித்தபோது இங்கே மணி பதினொன்று ஆகியிருக்கும். மாப்பிள்ளை நைட் ஷிப்ட், பேரன் தூங்கிவிட்டான். நான் மட்டும் அடுப்படியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி அவுட் விழுந்ததும் அழுதுவிட்டேன். மறுநாள் இல்லத்தில் பெரியவரும் தூங்காத கண்ணோடுதான் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவர் போக வேண்டியவர்தான். ஆனால் அவரை அனுப்பியதோடு கணக்குத் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் கேரட் குரோஷே என்று ஒரு பையன். இடதுகைப் பிட்சர், வயது 25. முழங்கை ஆபரேஷன் ஆகித் திரும்பி வந்தவர். இந்த வருடம் வரை பெரிய லீகில் ஓர் ஆட்டத்தையும் முதல் பந்திலிருந்து வீசியதில்லை. அவருடைய முதல் ஆட்டமே சீசனின் முதல் நாள் ஆட்டம், டெட்ராய்டோடு. அருமையாக வீசினார், 1-0 என்று தோற்றோம். வருடம் முழுக்க 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றி 6, தோல்வி 12. இந்த ஒரு வரியே எங்கள் சீசன் அப்பா. அவர் வீசும் நாளில் என் நோட்டில் 'கே' எழுத்தாகவே இருக்கும். இந்தக் குளிர்காலத்தில் அவரையும் வேறு அணிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

செப்டம்பர் கடைசி வாரம் 120 தோல்வியோடு வீட்டுக்கு வந்தார்கள். ஏஞ்சல்ஸ் அணியோடு மூன்று ஆட்டம். ஒன்று தோற்றாலும் சாதனை இங்கேயே, நம் மைதானத்திலேயே விழுந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு நான் பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனுக்கு அங்கே விற்கும் சோளம் வேண்டும். கதிரைச் சீவிக் கப்பில் போட்டு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் சீஸும் கலந்து தருவார்கள், சீஸை எடுத்துவிட்டால் மெரினா கடற்கரைச் சோளம்தான். எட்டாவது இன்னிங்ஸ் வரை பின்தங்கியிருந்தோம். அப்புறம் ஒரே மூச்சில் மூன்று ரன், 3-2 என்று வெற்றி. பக்கத்து வரிசையில் ஆரம்பித்து மைதானம் முழுக்க, "அணியை வித்துடு! அணியை வித்துடு!" என்று கத்தினார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கத்தினார்கள், அப்பா. கோபம் ஆட்டக்காரர்கள் மேல் இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். வெள்ளிக்கிழமை டெட்ராய்டில் 4-1 என்று தோற்று 121 ஆனது. அதே வெற்றியால் டெட்ராய்ட் பத்து வருடத்துக்குப் பிறகு பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்து கோப்பைக்காக ஆடும் சுற்றுக்குப் போனது. எதிர் அணி கட்டிப்பிடித்துக் கொண்டாட, நம் பையன்கள் தலை குனிந்து உள்ளே போனார்கள். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அங்கேயே ஜெயித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். கடைசி ஆறில் ஐந்து வெற்றி. எதற்காக ஆட வேண்டும் என்று யாரும் கேட்கக்கூடிய நாட்களில் அவர்கள் அப்படி ஆடினார்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

இவ்வளவு தோற்றதற்கு ஒரு பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. கடைசியாக வந்த அணிகளுக்கு, அடுத்த வருடம் புதுப் பையன்களை எடுக்கும்போது குலுக்கலில் முதல் இடங்கள் கிடைக்கும். ஆனால் பெரிய நகரத்து அணி இரண்டு வருடம் தொடர்ந்து அந்தக் குலுக்கலில் இடம் பெறக் கூடாது என்று இப்போது விதி. போன வருடம் வாங்கியாகிவிட்டது. அதனால் 121 தோற்ற அணிக்கு 2025-ல் பத்தாவது இடம்தான்.

எனக்கு உள்ளூர பயம் வேறு ஒன்று. இப்போதைய மைதானமே அரசாங்கப் பணத்தில் கட்டியதுதான். 1988-ல் ரெய்ன்ஸ்டார்ஃப் அணியை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று நின்றார். கெடு முடியும் ராத்திரி, இல்லினாய் சட்டசபையில் கடிகாரத்தை நிறுத்திவைத்து, பன்னிரண்டு மணி ஆகவில்லை என்று கணக்குக் காட்டி மசோதாவை நிறைவேற்றினார்கள். 1991-ல் மைதானம் திறந்தது. இப்போது நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இன்னொரு மைதானம் வேண்டுமாம், அதற்கும் பொதுப் பணம் கேட்கிறார். இப்படி ஒரு சீசனைக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்க முடிகிறது? ஓக்லண்டைப் பாருங்கள். நாங்கள் ஏஞ்சல்ஸை மூன்றாவது முறை ஜெயித்த அதே செப்டம்பர் 26-ம் தேதி, அந்த ஊரில் அவர்கள் அணி கடைசி ஆட்டம் ஆடியது. 1968-லிருந்து இருந்த அணியை முதலாளி மூட்டை கட்டிக் கொண்டுபோகிறார். அந்த ஜனங்களும் விற்றுவிடச் சொல்லிக் கத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

நான் கேட்பது ரொம்ப இல்லை. குரோஷேயை வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளியின் நண்பர் என்பதற்காக இல்லாமல், வெளியிலிருந்து தகுதியான மேனேஜரைக் கொண்டுவர வேண்டும். புது மைதானப் பேச்சை அணி பாதியாவது ஜெயிக்கிற வரை நிறுத்த வேண்டும். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "முதல்ல அவர் விக்கட்டும், மத்தது தானா நடக்கும்" என்றார். அவர் எழுபது வருடமாகப் பார்க்கிறவர், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அடுத்த சீசன் மார்ச் கடைசியில் தொடங்குகிறது. உங்கள் விசா விஷயம் கூடிவந்தால் மே மாதம் வாருங்கள், அப்போது குளிர் விட்டிருக்கும். டிக்கெட் விலை இப்போது மலிவு, மூன்றாவது பேஸ் பக்கம் நல்ல இடமாகவே எடுத்துவிடலாம். பெரியவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போக இல்லத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அவரும் உங்களோடு உட்காருவார். அம்மாவின் எக்ஸ்ரேயை அண்ணனை விட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் பத்தாம் தேதி போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்