செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கம்பம் நிறுத்துவதும் ஏறுவதும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மாஸ்டர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளை இந்தப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதனால் நான் கம்பத்தைப் பற்றியே பேசுகிறேன்.

மதுரை திருநகர் மைதானத்தில் காலையில் நடக்கும் மல்லர் கம்பப் பயிற்சி, அதாவது நட்டு நிறுத்திய மரக் கம்பத்தில் ஏறிச் செய்யும் உடற்பயிற்சி, வழக்கம்போல் தடையின்றி நடந்தது. சித்திரைத் திருவிழா நாட்களிலும் கத்திரி வெயில் காலத்திலும் மட்டும் விடுமுறை விட்டோம். மாடி ஹாலில் பெண்களுக்காக நடத்தும் உருக்குக் கம்பப் பயிற்சி, அதாவது ஊரில் 'போல் டான்ஸ்' (pole dance) என்று சொல்லப்படும் பயிற்சி, இந்த ஆண்டு நன்றாக வளர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகளோடு, பிள்ளை பெற்று வேலைக்கும் போகிற பெண்கள் பலர் சேர்ந்தார்கள். வளர்ச்சி வந்ததும் பொறுப்பும் கூடிவிட்டது. இந்த ஆண்டு செயற்குழுக் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்தான்: ஆள் ஏறுவதற்கு முன் கம்பம் சரியாக நிற்கிறதா என்று யார் பார்ப்பது?

ஹாலில் இரண்டாவது கம்பம் நிறுத்தியதிலிருந்து தொடங்குகிறேன். நம்முடையது அழுத்தத்தில் நிற்கும் வகை. ஆணியோ போல்ட்டோ கிடையாது. அடியில் இருக்கும் திருகைத் திருப்பத் திருப்பக் கம்பம் நீண்டு, உச்சியில் உள்ள வட்டத் தட்டு சீலிங்கை அழுத்திப் பிடிக்கும். ஆகவே சீலிங் எந்த லட்சணத்தில் இருக்கிறதோ அந்த லட்சணத்தில்தான் கம்பமும் நிற்கும். கொத்தனாரை வரவழைத்து, காங்கிரீட் பீம் எங்கே ஓடுகிறது என்று முதலில் குறித்தோம். பீமுக்கு நேர் கீழே தட்டு உட்காரும் இடத்தில் பூச்சு உதிர்ந்து உள்ளே காலியாக இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகே கம்பத்தைத் தொட்டோம்.

தரையையும் விடவில்லை. கொத்தனார் ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சரியாக ஒட்டிய டைல்ஸ் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. நாம் கம்பம் நிறுத்த நினைத்த இடத்தில் டொக் டொக் என்று காலிச் சத்தம் வந்தது. அங்கே அழுத்தம் கொடுத்திருந்தால் டைல்ஸ் விரிசல் விட்டு, பயிற்சிக்கு நடுவே கம்பம் தளர்ந்திருக்கும். அதைப் பெயர்த்து மறுபடி கலவை போட்டு ஒட்டினோம். கம்பத்தை நிறுத்தியபின் ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தோம். நேர்ப்பக்கம் சரியாக இருந்து பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆள் சும்மா தொங்கினால் எடை கீழ்நோக்கிப் போகும். சுழலும்போது அதே ஆள் கம்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறார். அந்தப் பக்கவாட்டு இழுப்புதான் அரைகுறையாக நிற்கும் கம்பத்தைச் சாய்ப்பது. சுற்றச் சுற்றத் திருகும் தளர வாய்ப்புண்டு. அதனால் ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் மாஸ்டர் கம்பத்தை நாலாபக்கமும் தள்ளி இழுத்துப் பார்க்கிறார். ஆடினால் அன்று அந்தக் கம்பத்தில் வகுப்பு இல்லை. அதற்காக முரட்டுத்தனமாக இறுக்குவதும் கூடாது, சீலிங் கீறல் விட்டுவிடும்.

ஆடி மாதத்தில் நடந்த ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் ஆன்லைனில் கம்பம் வாங்கி, வீட்டில் தாமாகவே நிறுத்தினார். அந்த அறையில் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஃபால்ஸ் சீலிங். அலங்காரத்துக்காகத் தொங்கவிட்ட பலகை அது, அதற்கு மேலே ஓரடி வெற்றிடம். ஃபயர்மேன் ஸ்பின் என்ற சுழலும் அசைவைச் செய்ததும் பலகை உடைந்து கம்பம் சரிந்துவிட்டது. மணிக்கட்டுச் சுளுக்கோடு தப்பித்தார். அவரே அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து, தம் வீட்டில் நடந்ததை விளக்கமாகச் சொன்னார். அந்தத் துணிவுக்கு இந்தப் பேரவையின் சார்பில் அவருக்கு நன்றி.

அதன்பின் செயற்குழு ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டது. உறுப்பினர் யார் வீட்டில் கம்பம் நிறுத்தினாலும், மாஸ்டர் ஒருவரும் செயற்குழு உறுப்பினர் ஒருவரும் நேரில் போய்ப் பார்த்துச் சரி என்று கையெழுத்திட்ட பிறகே அதில் ஏற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

அப்படிப் போன இடங்களில் பார்த்தவற்றைச் சொல்வது புதிய உறுப்பினர்களுக்கு உதவும். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் தளம்தான். மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்டது. அதைக் கீழிருந்து மேலே தள்ளக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் அழுத்தக் கம்பம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகரக் கூரைக்கும் இதே பதில்தான். புறநகரில் கட்டிய புதிய காங்கிரீட் வீடுகளில் தளம் நன்றாக இருந்தாலும், அறை நடுவில் சீலிங் ஃபேன் சுற்றுகிறது. கம்பத்தில் ஏறிக் காலை நீட்டினால் நேராக ஃபேனில் போய் முட்டும். நம் ஹாலில் நடு ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் போட்டதும் இதனால்தான். கம்பத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். பீரோ முனை, கட்டில் கால், ஜன்னல் கம்பி எதுவும் அந்த வட்டத்துக்குள் வரக் கூடாது.

பட்டறையில் கொடுத்து எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் கம்பம் செய்துகொள்ளலாமா என்று பலர் கேட்டார்கள். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் படிக்கட்டுக் கைப்பிடிக்கு வரும் பைப் மெல்லிய தகடு, ஆள் எடை சுழலும்போது வளையும். விட்டமும் பொருந்தாது. உலக அளவில் பயிற்சிக்கும் போட்டிக்கும் அதிகம் புழங்குவது 45 மில்லிமீட்டர். கைப்பிடிக் கடையில் கிடைப்பது ஒன்றரை இன்ச் அல்லது இரண்டு இன்ச், அதாவது 38 அல்லது 50 மில்லிமீட்டர் வாக்கில். கை சின்னதாக உள்ள பெண்களுக்கு இரண்டு இன்ச் பைப்பில் பிடி முழுதாகச் சேராது. இந்த விஷயத்தில் சங்கம் சிக்கனம் பார்க்காது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி பயிற்சி. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் சுழலாத கம்பத்தில்தான் தொடங்கினார்கள். சுழலும் கம்பம் பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் வேகம் ஏறியபின் நிறுத்தத் தெரியாதவருக்கு ஆபத்து. முதலில் தோள். கையை மேலே தூக்கிக் கம்பத்தைப் பிடித்துவிட்டு, தோளைக் காதுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுத் தொங்கக் கூடாது. தோள்பட்டையைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு எடையை வாங்க வேண்டும். இதை மாஸ்டர் ஒரு மாதம் முழுக்க விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அதன் பலனாக இந்த ஆண்டு தோள் வலி என்று ஹாலில் யாரும் உட்காரவில்லை.

அடுத்து ஏறுதல். முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே கம்பத்தில் குறுக்காகப் பதிய வேண்டும், பாதம் மடங்கியிருக்க வேண்டும். பின்னங்கால் பின்னாலிருந்து வந்து நெருக்க வேண்டும். இரண்டு காலும் கம்பத்தைக் கவ்விய பிறகு கால்களை நீட்டி எழுந்தால் உடம்பு தானாக மேலே போகும், கை பிடியை மாற்றிக்கொண்டால் போதும். கையால் இழுத்து ஏறப் பார்ப்பவர்கள்தான் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள். பிறகு 'போல் சிட்' (pole sit): தொடையைப் பின்னிக் கம்பத்தைக் கவ்வி, கையை விட்டுவிட்டு உட்காருவது. முதல் வாரங்களில் தொடை கன்னிப்போகும், நீலம் பாரிக்கும். பயப்பட வேண்டாம், தோல் பழகிவிடும். எந்த அசைவானாலும் வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்தாக வேண்டும்.

தலைகீழாகப் போகும் இன்வர்ட் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ பார்த்துவிட்டு வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். ஏறவும், உட்காரவும், கட்டுப்பாட்டோடு இறங்கவும் தெரிந்தவருக்கு மட்டுமே இதை மாஸ்டர் சொல்லித்தருகிறார். எம்பி உதைத்துக் காலைத் தூக்குவது நம் ஹாலில் அனுமதி இல்லை. வயிற்றை இறுக்கி, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் ஒருவர் இடுப்பருகே கை வைத்துக் காவலுக்கு நிற்பார். விழுந்தால் முதலில் காக்க வேண்டியது தலையையும் கழுத்தையும். மெத்தை எப்போதும் விரித்திருக்கும், ஆனால் மெத்தையை நம்பிக் கையை விடக் கூடாது. ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தலைகீழ் அசைவு எதுவும் செய்யக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

எண்ணெய் விஷயம் நம் ஊருக்கே உரியது. மல்லர் கம்பத்துக்கு விளக்கெண்ணெய் தடவுகிறோம், தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்க. உருக்குக் கம்பத்தில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடி போய்விடும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்தவர்கள் கம்பத்தில் நிற்க முடியாமல் வழுக்கினார்கள். ஆகவே பெண்கள் வகுப்பை வெள்ளியிலிருந்து மாற்றிவிட்டோம். வகுப்பு நாளில் கைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய், மாய்ஸ்சரைசர் எதுவும் வேண்டாம். ஒவ்வொருவர் ஏறி இறங்கியதும் ஸ்பிரிட் நனைத்த துணியால் கம்பத்தைத் துடைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறி உள்ளங்கை வியர்க்கும்போது சாக் பவுடர் கை கொடுத்தது.

மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாம் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். மோதிரம் கம்பத்தைக் கீறும், விரலையும் கிழிக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உண்டு. அவர்கள் மனதை நோகடிக்காமல், கழுத்து மூடிய பனியனுக்குள் சங்கிலியை விட்டுக்கொண்டு தரை அசைவுகளும் ஏறுதலும் மட்டும் செய்யலாம், தலைகீழ் அசைவு கிடையாது என்று முடிவெடுத்தோம். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

உடை பற்றி வந்த புகார்களை மறைக்க விரும்பவில்லை. தெருவில் சிலர் பேசினார்கள், ஒரு வீட்டில் மாமியார் நேரில் வந்து கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். துணி உருக்கில் வழுக்கும், தோல்தான் பிடிக்கும். அரைக்கால் சட்டை போடுவது பாதுகாப்புக்காக. மைதானத்தில் மல்லர் கம்பம் ஏறும் பையன்கள் லங்கோட்டோடு ஏறுகிறார்கள், அதை யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. அதே மரியாதை மாடியில் ஏறும் பெண்ணுக்கும் உரியது. மேலைநாட்டு இரவு விடுதிகளில் இந்த ஆட்டம் வளர்ந்தது என்பது தெரிந்ததுதான். 2009இல் இதற்கென்று சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று உருவாகி, விதிகளோடு போட்டிகள் நடக்கின்றன என்பதும் உண்மை. ஹாலுக்குத் திரை போட்டிருக்கிறோம், வகுப்பில் செல்போன் கிடையாது. அந்த அம்மா ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்த்தார். மருமகள் கம்பத்தின் உச்சியைத் தொட்டபோது, 'பார்த்து இறங்கு ஆத்தா' என்று அவர்தான் முதலில் குரல் கொடுத்தார். இப்போது பேரனைத் தூக்கிக்கொண்டு அவரே கூட வருகிறார்.

மல்லர் கம்பப் பக்கம் சுருக்கமாக. மராட்டியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அவையில் பாலம்பட்ட தாதா தேவதர் உயிர்ப்பித்த இந்தக் கலைக்கு 2019 பிப்ரவரியில் மும்பையில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது மதுரையும் ஒரு களமாக இருந்தது. அந்த உற்சாகத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகள் இன்றும் தொடர்கிறார்கள். கோகுலாஷ்டமிக்கு வழுக்கு மரம் ஏறும் பையன்கள் இருவர் மாஸ்டர் கண்ணில் பட்டு, இப்போது தினமும் மைதானத்துக்கு வருகிறார்கள். தேக்குக் கம்பத்தின் அடியில் கரையான் ஏறியிருந்ததைத் தைப் பொங்கலுக்கு முன் கண்டுபிடித்தோம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தியபோது மரம் பொடியாக உதிர்ந்தது. தரைக்கு மேல் 2.6 மீட்டர் நிற்கும் கம்பம் அது, மண்ணுக்குள் இருக்கும் பகுதி கண்ணில் படாது. அன்றே பிடுங்கிவிட்டு வேறு கம்பம் வாங்கி, மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசி, சுற்றிலும் காங்கிரீட் போட்டு நட்டோம்.

வரும் ஆண்டுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்பவை: மாடி ஹாலுக்கு இன்னும் ஒரு தடித்த மெத்தை, மாஸ்டர்கள் அனைவருக்கும் முதலுதவிப் பயிற்சி, வீட்டுக் கம்பச் சோதனைக்குப் போய்வரும் பயணச் செலவைச் சங்கமே ஏற்பது. மைதானத்துக் கம்பத்தை மாதம் ஒருமுறை அடிவரை சோதிக்க ஒரு பொறுப்பாளரையும் இன்றே தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்